வராத விண்மீனும் எழுதி வைத்த இரவுகளும்

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு. டோர்செட் பார்க்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கம், வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் நின்று பைனாகுலரால் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூலையில் மட்டும்தான் விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்காது. இரண்டாம் மாடியில் இருக்கும் பருத்தித்துறை ஐயா, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்க இறங்கியவர், என்னருகே வந்து நின்றார்.

"என்ன தம்பி, மேலை எதைத் தேடுறீர்?"

"ஒரு நட்சத்திரம் ஐயா. வெடிக்கப்போகுது எண்டு சொல்லியிருக்கினம்."

"எப்ப வெடிக்கும்?"

"இண்டைக்கும் வெடிக்கலாம். அடுத்த வருசமும் வெடிக்கலாம்."

"அப்ப இதுவும் எங்கடை சாத்திரம் மாதிரித்தான்" என்று சிரித்துவிட்டு அவர் நடையைத் தொடர்ந்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. சாத்திரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்ன என்று அவருக்கு அப்போதே சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

நாங்கள் காத்திருந்த விண்மீனின் பெயர் டி கொரோனா போரியாலிஸ். சுவாதி நட்சத்திரத்திலிருந்து அபிஜித்தை நோக்கி ஒரு கோடு இழுத்தால், அக்கோட்டில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், உடைந்த வளையல் போல அரைவட்டமாகச் சில விண்மீன்கள் தெரியும். வடமகுடம் என்று தமிழில் சொல்லலாம். அந்த வளையலின் ஓரத்தில் இருக்கிறது இந்த விண்மீன். வழக்கமான நாட்களில் அதன் பிரகாச எண் ஏறத்தாழ 10. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, டோர்செட் பார்க்கில் என் பைனாகுலருக்கும் தெரியாது. ஆனால் 1866 மே 12 அன்றும் 1946 பெப்ரவரி 9 அன்றும் அது திடீரென்று 2ஆம் தரப் பிரகாசத்துக்கு எழுந்தது. அதாவது சுமார் 1500 மடங்கு. சில நாட்கள் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கும்படி நின்றுவிட்டு மீண்டும் மறைந்தது.

அங்கே இருப்பது ஒரு விண்மீன் அல்ல, இரண்டு. ஒன்று ஊதிப் பெருத்துச் சிவந்த கிழட்டு விண்மீன். மற்றது, எரிபொருள் தீர்ந்து பூமியின் அளவுக்குச் சுருங்கிவிட்ட வெண்குள்ளன். அளவில்தான் பூமி, நிறையில் நம் சூரியனைவிட அதிகம். இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வர 228 நாட்கள் ஆகின்றன. பெரியதன் மேற்பரப்பிலிருந்து ஹைட்ரஜன் வாயு ஒழுகிச் சிறியதன்மேல் படிந்துகொண்டே இருக்கிறது. படிந்த வாயு அழுத்தத்தால் சூடேறி ஒரு கட்டத்தில் அணுகுண்டு போல் மொத்தமாகப் பற்றிக்கொள்கிறது. அதைத்தான் நோவா என்கிறார்கள். வெடித்துப் போவது மேலே படிந்த தோல் மட்டுமே. உள்ளே இருக்கும் வெண்குள்ளன் அப்படியே இருக்கிறது. மறுநாளிலிருந்து அது மீண்டும் சேர்க்கத் தொடங்கிவிடும்.

இந்தச் சேர்த்தலும் வெடித்தலும் பெரும்பாலான நோவாக்களில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். மனித ஆயுளுக்குள், அல்லது சில தலைமுறைகளுக்குள் திரும்ப வருபவை மிகக் குறைவு. நம் பால்வீதியில் இதுவரை பத்தே பத்துதான் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவை விரைவில் திரும்பி வரக் காரணம், அவற்றின் வெண்குள்ளன்கள் மிகுந்த நிறை கொண்டவை. ஒரு வெண்குள்ளன் தாங்கக்கூடிய உச்ச நிறையை நெருங்கிக்கொண்டிருப்பவை. அந்த உச்ச நிறை, சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பத்தொன்பது வயது சுப்ரமணியன் சந்திரசேகர் அதற்கான கணக்கைத் தொடங்கினார். 1935 ஜனவரியில் லண்டனில் அவர் அதை விளக்கியபோது, எடிங்டன் எழுந்து எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்ததும், 1983இல் நோபல் பரிசு வந்ததும் வாசகர்கள் அறிந்ததே. அந்த எல்லையின் ஓரத்தில் நடந்துகொண்டிருக்கும் விண்மீன்கள்தான் இவை.

சரி, 2024இல் வெடிக்கும் என்று யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது?

செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் சொன்னது மிக எளிமையான கணக்கு. 1866இலிருந்து 1946 வரை எண்பது ஆண்டுகள். ஆகவே 2026 வாக்கில் அடுத்தது. இதை மட்டும் கேட்டால் பருத்தித்துறை ஐயாவின் பக்கம்தான் நானும் சேருவேன். நன்றாகப் பார்க்கப்பட்ட வெடிப்புகள் இரண்டு. எனவே அளந்த இடைவெளி ஒன்றே ஒன்று. ஒரு பஸ் இரண்டு தடவை வந்ததைப் பார்த்துவிட்டு மூன்றாவது பஸ்ஸுக்கு நேர அட்டவணை போடுவது போன்றது அது. 1217இல் ஜெர்மனியில் ஒரு மடத்துத் தலைவரும், 1787இல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரும் எழுதி வைத்த குறிப்புகள் இதே விண்மீனின் வெடிப்புகள்தாம் என்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிராட்லி ஷேஃபர் வாதிடுகிறார். அது அந்தக் கணக்கைச் சற்றுப் பலப்படுத்துகிறது.

ஆனால் ஷேஃபரின் முன்கணிப்பு அந்த எண்பதை மட்டும் நம்பியதன்று. 1946 வெடிப்புக்கு முந்திய பத்தாண்டுகளில் அந்த விண்மீன் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் ஒரு வரைகோடு அவரிடம் இருந்தது. வெடிப்புக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அது வழக்கத்தைவிடச் சற்றுப் பிரகாசமாகியது. கடைசி ஓராண்டு அளவில் மங்கியது. அதன்பின் வெடித்தது. 2015 வாக்கில் அதே பிரகாச ஏற்றம் தொடங்கியது. 2023 வசந்த காலத்தில் அதே மங்கலும் தெரிந்தது. அதைக் கொண்டுதான் 2024 நடுப்பகுதி என்று அவர் சொன்னார், ஏறத்தாழ நான்கு மாதம் முன்பின் என்ற பிழை எல்லையோடு.

அந்தப் பழைய வரைகோட்டை வரைந்தது யார் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி. பெரிய ஆய்வுக்கூடங்கள் அல்ல. அவர்கள் ஒன்றும் நடக்காத ஒரு மங்கல் விண்மீனை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறுவிண்மீன் நோக்குநர் சங்கத்தின் உறுப்பினர்களான பொழுதுபோக்கு வானியலாளர்கள் தங்கள் வீட்டு முற்றங்களில் நின்று, அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு, "இன்று 9.8", "இன்று 10.0" என்று எழுதி அனுப்பிய பல்லாயிரம் சின்னக் குறிப்புகள் அவை.

அவர்களில் ஒருவர் ஓஹையோ மாநிலத்து டெல்ஃபஸ் கிராமத்து விவசாயி மகன் லெஸ்லி பெல்டியர். பதின்வயதில் ஸ்ட்ராபெரி பறித்துச் சேர்த்த பதினெட்டு டாலரில் முதல் தொலைநோக்கியை வாங்கியவர். டி கொரோனா போரியாலிஸை அவர் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்து வந்தார். 1946 பெப்ரவரியில் அந்தக் குறிப்பிட்ட இரவில் விடியப்புறம் இரண்டரை மணிக்கு எழுந்தார். தடிமன் பிடிப்பது போல் இருக்கவே மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார். அன்றுதான் அது வெடித்தது. பிறகு தன் சுயசரிதையில் அந்த இரவைப் பற்றி எழுதுகையில், குற்றம் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டாலும் அந்த விண்மீனோடு இருந்த பழைய நேசம் போய்விட்டது என்று மனத்தாங்கலோடு சொல்கிறார். இந்தக் கதையை நகைச்சுவையாகவே எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அவர் தவறவிட்டது ஓர் இரவு. அவர் பார்த்து எழுதிய மற்ற இரவுகள் இல்லாமல் 2024இல் உலகத்தில் எவரும் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

இதே பாடத்தைச் சென்னையிலிருந்து தொடங்கும் இன்னொரு விண்மீன் இன்னும் தெளிவாகச் சொல்கிறது.

1861இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். ஒரு பிரகாச எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் 2.512 என்று 1856இல் முன்மொழிந்தவர் அவரே. மேலே நான் சொன்ன 1500 மடங்கு கணக்கும் அவர் தந்த வாய்பாட்டால் வந்ததுதான். 1863 மே மாதத்தில் விருச்சிகத்தில், அதற்குமுன் இல்லாத ஒரு விண்மீனை 9ஆம் தரப் பிரகாசத்தில் அவர் கண்டார். சில நாட்களிலேயே அது மங்கி மறைந்தது. இன்று அதை யு ஸ்கார்ப்பி என்கிறோம். வெடித்த மூன்றே நாட்களுக்குள் சரியத் தொடங்கிவிடும் மகா அவசரக்காரன் அது.

அது திரும்பத் திரும்ப வெடிப்பது என்று தெரியவந்தது எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர். 1940இல் ஹார்வர்டில் ஹெலன் தாமஸ் என்பவர், அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருந்த பழைய கண்ணாடிப் புகைப்படத் தகடுகளைத் தேடி, 1906இலும் 1936இலும் அது வெடித்திருந்ததைக் கண்டுபிடித்தார். நடந்தபோது யாரும் கவனிக்கவில்லை. தகடு மட்டும் கவனித்து வைத்திருந்தது. அரை மில்லியன் அளவிலான அந்தத் தகடுகளிலிருந்து 1917, 1945 வெடிப்புகளும் மிகவும் பின்னர் மீட்கப்பட்டன. இவ்வளவையும் கோர்த்துப் பார்த்து, அடுத்தது 2009 வாக்கில் என்று ஷேஃபர் சொன்னார். 2010 ஜனவரி 28 அன்று புளோரிடாவில் இரு பொழுதுபோக்கு வானியலாளர்கள் அதைப் பிடித்தார்கள். அடுத்து 2022 ஜூன் 6 அன்று ஜப்பானியப் பொழுதுபோக்கு வானியலாளர் ஒருவர் கண்டார்.

அந்த 2022 ஜூனில் நானும் முயன்றேன். டொராண்டோவிலிருந்து விருச்சிகம் தெற்கே தாழ்ந்துதான் எழும். அந்தப் பக்கம் முழுவதும் நகரத்தின் ஆரஞ்சு வெளிச்சம். முதல் இரவு மேகம். மேகம் விலகியபோது விண்மீன் என் பைனாகுலரின் எல்லைக்குக் கீழே போய்விட்டிருந்தது. குறிப்பேட்டில் "8.0ஐ விட மங்கல், காணவில்லை" என்று எழுதினேன். பார்த்தும் காணவில்லை என்பதும் ஒரு தரவு. அந்நேரம் அது அதைவிடப் பிரகாசமாக இல்லை என்று அது உறுதியாகச் சொல்கிறது. பார்க்காமலே இருப்பது தரவல்ல. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுத் தந்தது மாறுவிண்மீன்கள்தாம்.

யு ஸ்கார்ப்பி இருக்கும் இடம் அனுட நட்சத்திரத்துக்கு அண்மையில். அனுடத்துக்குப் பழந்தமிழில் முடப்பனை என்று ஒரு பெயர் உண்டு. புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் அதைச் சொல்கிறார். பங்குனி மாதத்து நள்ளிரவில், எந்த நாள்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது அடைந்தது என்று வரிசையாகக் குறித்து, அப்பொழுது ஒரு மீன் வானத்திலிருந்து தீப்பரக்க விழுந்தது என்கிறார். அதைக் கண்டு அஞ்சினோம், ஏழாம் நாள் எங்கள் சேர மன்னன் இறந்துபட்டான் என்று முடிக்கிறார். இந்தப் பாட்டை நிமித்த நம்பிக்கைக்குச் சான்றாகவே பலரும் காட்டுவர். எனக்கோ அதன் முற்பகுதி ஒரு நோக்குநரின் குறிப்பேட்டுப் பக்கமாகவே தெரிகிறது. மாதம், பொழுது, வானத்தின் நிலை எல்லாம் இருக்கின்றன. ஐயா சொன்ன சாத்திரமும் நான் சொல்ல நினைத்த நோக்கும் அந்த ஒரே பாட்டுக்குள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. பின்வந்த நாம் எதை வளர்த்தோம், எதை விட்டோம் என்பதே கேள்வி.

1006ஆம் ஆண்டு மே மாதத்தில், மனிதர் பதிவு செய்தவற்றிலேயே மிகப் பிரகாசமான விண்மீன் வெடிப்பு தெற்கு வானில் தோன்றியது. வெண்குள்ளன் ஒன்று தோல் மட்டுமல்லாமல் முழுவதுமாகச் சிதறிய பெருவெடிப்பு அது. சீனர் எழுதினர், ஜப்பானியர் எழுதினர், எகிப்தில் அலி இப்னு ரித்வான் எழுதினார். சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்துத் துறவிகள்கூட, மலை விளிம்பில் ஒட்டிக்கொண்டு தெரிந்ததை எழுதி வைத்தார்கள். தஞ்சையில் அது நன்றாக உயர்ந்து நின்றிருக்கும். அப்போது ஆண்டவன் முதலாம் ராஜராஜன். பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு நந்தா விளக்குக்கு விடப்பட்ட ஆடுகள் எத்தனை என்று கல்லில் வெட்டி வைத்த சமூகம் அது. ஆனால் அந்த விண்மீனைப் பற்றியது என்று அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட சோழர் கல்வெட்டு ஒன்றுகூட இல்லை. எழுதத் தெரியாதவர்கள் அல்லர் நாம். எதை எழுதத் தகுந்தது என்று நினைத்தோம் என்பதில்தான் சிக்கல்.

விதிவிலக்குகள் இருந்தன. போக்சனின் முதல் உதவியாளராகச் சென்னையில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அவர்களில் தலையாயவர். தெற்கு அடிவானத்தை ஒட்டியே சென்னைக்குத் தெரியும் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனை 1867இல் கண்டுபிடித்தவர். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அவ்வகையில் இந்தியர்களில் முதல்வர். ஆனால் நம் வாசகர்களுக்கு அவர் இன்னொரு வழியில் நெருக்கமானவர். பஞ்சாங்கத்தைப் பழைய வாய்பாடுகளை மட்டும் நம்பிக் கணிக்காமல், வானத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர்களில் முன்னோடி அவர். இங்கே ஸ்கார்பரோவில் தீபாவளியும் சிவராத்திரியும் எந்த நாள் என்று வாக்கியக்காரரும் திருக்கணிதக்காரரும் இன்றும் தொலைபேசியில் சண்டை பிடிக்கிறோமே, அந்தச் சண்டைக்குள் ஒளிந்திருப்பது உண்மையில் இதே கேள்விதான். கணக்குப் பிசகினால் கணக்கை நம்புவதா, கண்ணை நம்புவதா?

நுங்கம்பாக்கத்து வானாய்வகம் இப்போது இல்லை. 1899இல் வானியல் பணி கோடைக்கானலுக்கு மாறியது. 1792 என்று பொறித்த கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து உண்டு. தொடர்ச்சி முற்றாக அறுந்துவிடவும் இல்லை. ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்திலிருந்து ஜி. சி. அனுபமா, டி. பி. பிரபு ஆகியோர் டி கொரோனா போரியாலிஸ் உட்பட இந்த மீள்வெடிப்பு விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இனி 2024க்குத் திரும்புவோம். செப்டம்பர் வந்தது, விண்மீன் வெடிக்கவில்லை. ஆண்டும் முடிந்தது. பிரான்ஸின் ஜான் ஷ்னைடர், சுற்றுக்காலத்தை வைத்து 2025 மார்ச் 27 என்று ஒரு நாள் சொன்னார். அதுவும் கடந்தது. 2025 கோடையும் கடந்தது. வாழ்நாளில் ஒருமுறை என்று ஆரவாரித்த ஊடகங்கள் வேறு செய்திக்குப் போய்விட்டன. "விஞ்ஞானிகளும் பொய்த்துப் போனார்கள்" என்று சிலர் மகிழவும் செய்தார்கள்.

என் பார்வையில் இது தோல்வி அல்ல. சாத்திரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சாத்திரம் பொய்த்தால் பொய்த்த நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. பலித்த கதை மட்டும் பரம்பரைக்கு வரும். இங்கே பொய்த்த ஒவ்வொரு இரவும் குறிக்கப்பட்டிருக்கிறது, நேரத்தோடும் பிரகாச எண்ணோடும். 2023இல் வந்த மங்கலுக்குப் பின் அந்த விண்மீன் என்ன செய்தது என்பது, 1945இல் பெல்டியர் காலத்தில் தெரிந்ததைவிடப் பல மடங்கு நுணுக்கமாக இப்போது பதிவாகியிருக்கிறது. மீண்டும் இன்னொரு வெடிப்பை யாராவது கணிக்க முயலும்போது, அவர்கள் கையில் இருக்கப்போவது இந்த ஏமாற்றத்தின் ஏடுகள்தாம்.

இயந்திரங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 8 அன்று ஆர்.எஸ். ஒஃபியூக்கி என்ற இன்னொரு மீள்வெடிப்பு விண்மீன் பொங்கியதை முதலில் கண்டு சொன்னவர்களில் அயர்லாந்துப் பொழுதுபோக்கு வானியலாளர் கீத் கியரி ஒருவர். மறுநாளே நமீபியாவில் இருக்கும் காமாக்கதிர்த் தொலைநோக்கிகள் அதை நோக்கித் திரும்பின. அத்தனை உயர் ஆற்றல் கதிர்கள் ஒரு நோவாவிலிருந்து வருவதை மனிதர் கண்டது அதுவே முதல் தடவை. கண்களின் வேலை இன்னும் முடியவில்லை.

முடித்துவிடக்கூடியது வேறொன்று: வெளிச்சம். ரிச்மண்ட் ஹில்லில் 1935இல் திறக்கப்பட்ட டேவிட் டன்லப் வானாய்வகம் அந்நாளில் வயல்களுக்கு நடுவே இருந்தது. நகரம் வளர்ந்து வந்து அதைச் சூழ்ந்தது. 2008இல் பல்கலைக்கழகம் அந்த நிலத்தை விற்றது. கென்னடி வீதியில் கடைப் பலகைகள் விடிய விடிய எரிகின்றன. வடக்கே 401 நெடுஞ்சாலை ஒருபோதும் இருள்வதில்லை. ஆனால் 2ஆம் தர விண்மீன் ஒன்றை இந்த டோர்செட் பார்க்கிலும் மறைக்க முடியாது. அதனால்தான் இந்த விண்மீன்மேல் எனக்கு ஆசை. தொலைநோக்கி வேண்டாம், மலை உச்சி வேண்டாம். இரவு வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குபவர் அண்ணாந்து பார்த்தால் போதும்.

சொந்தக் கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். என் தகப்பனார் ஊரில் ஆசிரியர். வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைத்திருந்தார். தினமும் காலையில் பார்த்து எழுதுவார். மழையில்லாத நாட்களில் ஒரு சின்னக் கோடு போடுவார். கோடுதானே, அதை ஏன் மினக்கெட்டு எழுத வேண்டும் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "எழுதாட்டி, பெய்யேல்லையோ நான் பாக்கேல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்தக் கொப்பிகள் வீட்டோடு போயின. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவற்றுக்கு முன்னால் அவை ஒன்றுமில்லைத்தான். ஆனால் அந்த ஊரின் அந்த வருடங்களின் மழையை இனி யாராலும் மீட்க முடியாது. ஹார்வர்டில் தகடு இருந்தது; எங்களிடம் இல்லை.

அந்த ஆகஸ்ட் இரவுக்குச் சில நாட்கள் கழித்து ஐயா மறுபடியும் கீழே வந்தார். வெடித்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். குறிப்பேட்டை வாங்கி, தரிப்பிட விளக்கின் கீழே பிடித்துப் புரட்டினார். பக்கம் பக்கமாக ஒரே வரி: தேதி, நேரம், காணவில்லை.

"ஒண்டையும் காணேல்லை எண்டு இவ்வளவு எழுதியிருக்கிறீரே" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நேற்று எழுதேல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

நேற்று மேகம் என்றேன்.

"அப்ப மேகம் எண்டு எழுதும்" என்றார். எழுதினேன்.